ரத்தம் வராத வாய்

இதை எழுதுகிறவன் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு முகம் இல்லை. இரண்டு கால்கள் மட்டும்தான் இருந்தன. மீதி உடம்பு பல் ஆஸ்பத்திரியின் கை கழுவும் தொட்டிக்கு அடியில், மர அலமாரிக்குள் போயிருந்தது. எழுதுகிறவனுக்கு அது வேலையில் சேர்ந்த முதல் வாரம். பரம்பரையிலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கிய மிடுக்கு அப்போது இன்னும் இஸ்திரி கலையாமல் இருந்தது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நுண்ணோக்கி அறையைப் பார்த்து நடந்தவன், அந்தக் கால்களில் தடுக்கி விழாமல் மயிரிழையில் தப்பினான்.

"ஆத்து ஆங்க" என்றது அலமாரி.

பார்த்து வாங்க என்று அர்த்தம். வாயில் டார்ச் லைட் இருந்ததால் உதடு ஒட்டவில்லை. ஒரு கை குழாயைத் தாங்க, ஒரு கை ரெஞ்சைத் திருக, வெளிச்சத்துக்குப் பற்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அதுதான் அவருடைய மூன்றாவது கை. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை இழுத்துப் பிடிப்பதும் அந்தக் கைதான், சுற்றி முடித்ததும் அறுப்பதும் அந்தக் கைதான்.

எழுதுகிறவன் நகர்வதற்குள் டார்ச் கீழே விழுந்து உருண்டு வந்தது. உள்ளிருந்து, பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையின் முதல் பாதி கேட்டது. டாக்டர் அந்த நேரம் பார்த்துத்தான் கை கழுவ வந்தார். இந்தப் பாதி வார்த்தையை அவர் தொழிலில் தினமும் கேட்பவர். அதனால் காது சிவக்கவில்லை, புருவம்தான் உயர்ந்தது. குனிந்து கேட்டார்.

"பல்லு ஆடுதா?"

"சேச்சே. டார்ச்சு வழுக்கிடுச்சு மேடம்."

"எத்தனை நாளா வழுக்குது?"

"ஒரு ஆறு மாசமா" என்றன கால்கள்.

தெருவில் அவரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் சொட்டினாலும் சரி, தொட்டி நிரம்பாவிட்டாலும் சரி, சுவரே ஊறி உப்பினாலும் சரி, உள்ளே நுழைந்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் தீர்ப்பு, "ஒண்ணுமில்ல, வாஷர்தான்." பத்துக்கு ஏழு தடவை அது வாஷராக இருக்காது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் முகத்தில் வரும் நிம்மதிக்காகவே அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் கணக்கு அவரைக் கைவிட்டது. பதிலுக்கு அவரும் கணக்கைக் கைவிட்டார். பத்தொன்பது வயதில் ஒரு கட்டடத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறவராகச் சேர்ந்தார். அங்கேதான் இரண்டு விஷயங்கள் ஒரே நாளில் கைக்கு வந்தன. ஒன்று, இரண்டு குழாய்களை சொல்யூஷன் தடவி ஒட்டுவது. இன்னொன்று, ஒட்டிய இடம் காய்கிற வரை என்ன செய்வது என்பது. எத்தனை நிமிடம் விட வேண்டும் என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்கள், "ஒரு சிகரெட் நேரம்" என்றார்கள். கடிகாரம் கட்டாத அந்தக் கையில் ஒரு சிகரெட்டையும் கொடுத்தார்கள். முதல் இழுப்பில் இருமி, கண்ணில் தண்ணீர் முட்டி, பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் எழுந்து பார்த்தபோது ஒட்டு இறுகியிருந்தது. அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷம் அவர் வேறு கடிகாரம் பார்த்ததில்லை. சின்ன ஒட்டுக்கு ஒன்று. பெரிய குழாய்க்கு இரண்டு. மழை நாளில் ஈரக் காற்றென்றால் இரண்டரை.

சலவைக்கடை அக்காவை அவர் கைப்பிடித்த கதையும் ஒரு குழாயில்தான் ஆரம்பிக்கிறது. இஸ்திரி போடும் இடத்தில் நீராவிக் குழாய் சீறுகிறது என்று கூப்பிட்டார்கள். வாஷர்தான் என்றார். நாலு தடவை வந்தும் சீறல் நிற்கவில்லை. ஐந்தாவது தடவை, இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்த பெண் சட்டைக் காலரை மடித்துக்கொண்டே, "உங்களுக்கு வேலை தெரியலையா, இல்ல தெரிஞ்சேதான் இழுக்கறீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கே குழாய் சரியாகிவிட்டது. அவர்தான் சரியாகவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம்.

அந்த அக்காவுக்குப் பல் தேய்க்கும்போது எப்போதாவது ரத்தம் கசியும். எச்சில் நுரை இளஞ்சிவப்பாகத் துப்பப்படும். வாஷருக்கு அதைப் பார்த்தால் போதும், அன்றைய காலைக்கான உற்சாகம் வந்துவிடும். "உனக்கு ஈறு வீக்கு" என்பார். "என் வாயப் பாரு. இரும்பு." முப்பது வினாடி தேய்ப்பார், வாய் கொப்பளிப்பார், வெள்ளை வெளேரென்று துப்பிக் காட்டுவார். அவர் கடைவாயில் ஏதோ பழைய துணி வாடை வருகிறது என்று அக்கா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் சட்டைகளோடு வாழ்கிற மூக்கு அது, பொய் சொல்லாது. ஆனால் ரத்தம் வராத வாய்க்கு முன்னால் அந்தச் சாட்சியம் எடுபடவில்லை.

அந்த இரும்பு வாயோடுதான் அன்று அவர், தான் குழாய் மாட்டிக் கொடுத்த அதே நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு விட்டு எடுத்து எண்களைச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார். மூணு, நாலு, மூணு. அஞ்சு. கீழ் முன்பற்கள் நாலுக்கு வந்ததும் ஆறு, ஏழு, ஏழு, ஆறு என்று ஏறியது. வாஷருக்கு உள்ளம் குளிர்ந்தது. பத்துக்கு ஏழு. பள்ளிக்கூடத்தில் கூட அவர் இப்படி வாங்கியதில்லை.

"எல்லாம் நல்ல மார்க்கா மேடம்?" என்று வாயிலிருந்து கம்பி வெளியே போனதும் கேட்டார்.

"இது பள்ளத்தோட ஆழம், மில்லிமீட்டர்ல. மூணு வரைக்கும் பரவாயில்ல. ஏழுன்னா, பல்லைப் புடிச்சிருக்கற எலும்பு அவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

வாங்கிய மார்க்கெல்லாம் ஒரே நொடியில் பறிபோனது. ஆனாலும் கடைசித் துருப்புச்சீட்டு கையில் இருந்தது. எழுந்து எச்சில் கிண்ணத்தில் துப்பி, அதை டாக்டருக்குச் சுட்டிக் காட்டினார். "இவ்வளவு குத்துனீங்க. ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா? ஈறு நல்லா இருக்குன்னுதானே?"

"அதுதான் எனக்குக் கவலையே" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு, சிகரெட் பற்றியும் ஈறுக்குள் ஓடும் பொடி ரத்தக் குழாய்கள் பற்றியும் நிதானமாக நாலைந்து வாக்கியம் சொன்னார். அந்த நாலைந்து வாக்கியமும் முக்கியமானவை. ஆனால் அவர் பேச ஆரம்பித்த அதே நேரம் எச்சில் கிண்ணத்தின் வடிகால் குளுக் குளுக் என்று சத்தம் போட்டது. ஒரு குழாய் ஆள் இருக்கும் இடத்தில் வடிகால் அப்படிச் சத்தம் போடக் கூடாது. வாஷர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், காது மட்டும் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. எங்கேயோ காற்று சிக்கியிருக்கிறது, வளைவைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார். டாக்டர் கடைசியாக, "புரிஞ்சுதா?" என்றபோது, "நல்லாப் புரிஞ்சுது மேடம்" என்றார். அது அவர் குழாயைப் பற்றிச் சொன்னது.

அடுத்த காட்சி நுண்ணோக்கி அறை. பல் இடுக்கிலிருந்து வழித்தெடுத்த துளி அழுக்கைக் கண்ணாடித் துண்டில் வைத்து, படத்தைத் திரையில் போட்டது இதை எழுதுகிறவன்தான். வாஷர் முதலில் தன் வாய் என்று நம்பவில்லை. திரை முழுக்க ஒரே கூட்டம். குச்சி குச்சியாய் நெளிந்தன சில. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு கூட்டம், முதலாளி வரும் நேரம் போல் அங்குமிங்கும் ஓடியது. ஓரத்தில் உருண்டையாக, அசையாமல் பத்து இருபது கிடந்தன.

எழுதுகிறவன் படித்ததைச் சொன்னான். எல்லோர் வாயிலும் கிருமிகள் உண்டு, பாதிக்கு மேல் சாதுக்கள். காற்றோட்டம் இருந்தால் அந்தச் சாதுக்கள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். புகை உள்ளே போகப் போக அந்த இடுக்கில் பிராணவாயு குறைகிறது, சாதுக்கள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்கின்றன. காற்றே பிடிக்காத கூட்டம் குடியேறி, ஆழமாகத் தோண்டி, எலும்பு வரைக்கும் போகிறது. பரீட்சையில் இதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன், இன்னும் சொல்லத் தயாராக மூச்சை இழுத்தான். வாஷர் கை காட்டி நிறுத்தினார்.

"இது நம்ம ட்ரெயினேஜு பைப்புல இருக்கறதுதானே?"

பிறகு அவர் பேசியதை டாக்டரும் வாசலில் நின்று கேட்டார். எந்தக் கழிவுக் குழாயின் உள்ளே விரலை விட்டாலும் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். மாடிக்கு மேலே நீளும் காற்றுக் குழாய் திறந்திருக்கும் லைனில் அது மெலிசாக, வெளுப்பாக இருக்கும், நாற்றம் இருக்காது. காற்றுக் குழாயில் குருவி கூடு கட்டி அடைத்துவிட்டால், அதே படலம் ஆறு மாதத்தில் கறுத்து, தடித்து, நாறும். குழாயையே அரிக்கும். மேலே எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. காற்றைத் திறந்து விட்டுவிட்டு, அப்புறம் சுரண்ட வேண்டும்.

"அப்ப உங்க லைன்ல காத்தை அடைச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

வாஷர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். எட்டுப் பத்து ரப்பர் வாஷர்களோடு சிகரெட் பாக்கெட்டும் அங்கேதான் இருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மேலோட்டமாக அன்றே சுத்தம் செய்துவிடலாம், ஆழமாகச் சுரண்டுவதை மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். கீழ் நாலு பல்லும் நிற்குமா நிற்காதா என்று இப்போது சொல்ல முடியாது. சிகரெட்டை விட்டால் முயன்று பார்க்கலாம். விடாவிட்டால் எவ்வளவு சுரண்டினாலும் ஈறு ஆறாது, நாலும் போய்விடும். மூன்றாவது கையின் நாலு விரலும் போகும் என்பதாகத்தான் அது வாஷர் காதில் விழுந்தது. அன்று மாலை, சலவைக்கடை வாசலில் நின்று, இனி தொட மாட்டேன் என்றார். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, "போன தடவை மாதிரி வெள்ளிக்கிழமை வரைக்குமா, இல்ல கூடவா?" என்று கேட்டார்.

கூடத்தான். ஆனால் சிகரெட் போனபோது கடிகாரமும் சேர்ந்து போய்விட்டது என்பதை அவர் யோசிக்கவில்லை.

மூன்றாவது நாள் வக்கீல் வீட்டுச் சமையலறை. ஒட்டு போட்டார், பழக்க தோஷத்தில் வாசலுக்குப் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்தார், கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார், ஒரு யுகம் நின்றாற்போல் இருந்தது. உள்ளே போய் வால்வைத் திறந்தார். உண்மையில் அவர் நின்றது ஒன்றரை நிமிடம். ஒட்டு பிய்த்துக்கொண்டு, தண்ணீர் நேராக வக்கீலின் மார்பில் அடித்தது. நனைந்த வக்கீல் குறுக்கு விசாரணையை அங்கேயே ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் காய விடணும்?"

"ஒரு சிகரெட்டு சார்."

"புடிச்சீங்களா?"

"இல்ல சார். விட்டுட்டேன்."

வக்கீல் துண்டு எடுத்து வரப் போனார்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தூக்கம் கெட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். அக்கா பொறுத்துக்கொண்டார். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்றாவது வாரத்தின் கடைசி வரை வந்துவிட்டார். அப்போதுதான் வந்தது வினை. காலையில் பல் தேய்த்துத் துப்பினார். வெள்ளைப் பேசினில் சிவப்பு. இளஞ்சிவப்பு கூட இல்லை, நல்ல சிவப்பு. கொப்பளித்து மறுபடி துப்பினார். மறுபடியும்.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இருபத்து மூன்று வருஷம் காத்திருந்த ஒரு வாய்ப்பு. "இரும்பு துருப்புடிக்குது போல" என்றார். சொன்ன கையோடு முகம் மாறி, "என்னங்க இது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றும் சொன்னார். வாஷருக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் நின்றது.

அவர் போனது மச்சானின் கடைக்கு. மச்சான் என்பது அக்காவின் தம்பி. குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். பதினைந்து வருஷமாக வாஷரும் அவரும் கடைக்குப் பின்னால் கிடக்கும் உடைந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சேர்ந்தே புகைத்தவர்கள். மூன்று வாரமாக அந்த விளிம்பில் மச்சான் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சோகம் அவர் தர்க்கத்தைக் கூர்மையாக்கியிருந்தது.

"மாமா, நீங்களே யோசிச்சுப் பாருங்க. முப்பத்தோரு வருஷம் புகை, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. மூணு வாரம் புகை இல்ல, பேசின் செவக்குது. இதுக்கு டாக்டர் எதுக்கு?"

"அப்ப சிகரெட்டுதான் அடைச்சு வச்சிருந்துச்சுங்கறியா?"

"டேப் சுத்துன மரை மாதிரி. நீங்க போய் டேப்பைப் பிரிச்சுட்டீங்க."

வாஷருக்கு அது சரியாகப் பட்டது. சரியாகப் பட வேண்டும் என்று உள்ளே ஒருவன் மூன்று வாரமாகக் காத்திருந்தான், அதுவும் ஒரு காரணம். மச்சான் ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்து, மாமா கூச்சப்படக் கூடாது என்பதற்காகத் தானே அவர் சட்டைப் பைக்குள், வாஷர்களுக்குப் பக்கத்தில் செருகினார். மறுநாள்தான் டாக்டர் கொடுத்திருந்த தேதி. அதற்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவானது. கடைக்கு வந்த அன்று பகலிலேயே ஒரு வேலை ஒத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு, ஒட்டுப் போட்ட பிறகு, முறைப்படி ஆரம்பிக்கலாம் என்று இருந்தார்.

வேலை ஒரு மாடி வீட்டில். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். கீழே அவர் குடியிருக்க, மேல் மாடிக் குளியலறை பதினோரு வருஷமாகப் பூட்டியே கிடந்தது. இப்போது குடித்தனம் விட வேண்டும், லைனைத் திறந்து சரிபார்த்துக் கொடுங்கள் என்றார். படியேறும்போதே பெருமையாகச் சொன்னார்: இந்த வீட்டில் எல்லாக் குழாயும் எப்போதாவது மக்கர் பண்ணியிருக்கிறது, மேல் மாடி லைன் மட்டும் தங்கம்; பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

வாஷர் மொட்டை மாடிக்குப் போய், துருவேறி இறுகியிருந்த கேட் வால்வை இரண்டு கையாலும் திருகித் திறந்தார். தண்ணீர் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. கூடவே தபால்காரர் கத்தும் சத்தமும் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், குளியலறைச் சுவரில் மூன்று இடத்தில் ஈரம் பூத்து, ஓரத்தில் ஒரு கீற்று வழிந்து, கீழ் வீட்டுக் கூரையிலிருந்து அன்றைய செய்தித்தாளின் மேல் டப் டப்பென்று சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சீங்க? நீங்க கை வைக்கற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. முதல்ல வால்வை மூடுங்க. பழையபடியே இருக்கட்டும்."

இந்தப் பேச்சு வாஷருக்குப் புதிதல்ல. தொழிலில் நூறு தடவை கேட்டிருக்கிறார், நூறு தடவை பதிலும் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பதில் வரும். வந்தது.

"மூடுனா ஒழுகாது சார், அது வாஸ்தவம். ஆனா பைப்பு உள்ள எப்பவோ இத்துப்போச்சு. இத்தனை வருஷம் ஒழுகலன்னா நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. வால்வு மூடி இருந்துச்சு, தண்ணி வரல. அவ்வளவுதான். இப்பத் தண்ணி வருது, ஓட்டை தெரியுது."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். நாக்கு தானாகப் போய்க் கீழ் முன்பற்களைத் தடவிப் பார்த்தது. பொடி ரத்தக் குழாய்கள் என்று அந்தம்மா ஏதோ ஆரம்பித்தாரே, அப்போது வடிகால் சத்தம் போட்டதே. முப்பத்தோரு வருஷம் புகை வால்வை மூடிப் பிடித்திருக்கிறது. ரத்தம் வராத அந்த இரும்பு வாய், தண்ணீர் விடாத தங்க லைன். அதைக் காட்டிக் காட்டித்தான் ஒரு மனுஷியை இருபத்து மூன்று வருஷம் கேலி செய்திருக்கிறார். மச்சான் சொன்ன டேப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இப்போது மறுபடி புகைத்தால் ரத்தம் நிற்கும். நிச்சயமாக நிற்கும். பல்தான் நிற்காது.

"என்ன ஆச்சு?" என்று தபால்காரர் கோபத்தை விட்டுவிட்டுப் பயந்துபோய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார். "வாஷர்தான்."

சுவரை உடைத்து, இற்றுப்போன குழாயை எடுத்து, புதுக் குழாய் ஒட்டினார். ஒட்டு காய்கிற நேரத்தில் வாசலில் நின்றபோது பையில் பாக்கெட் உறுத்தியது. தொட்டார், எடுக்கவில்லை. தபால்காரரிடம் போய், எட்டு நிமிஷம் ஆனதும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தபால்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்று, ஒவ்வொரு நிமிஷத்தையும் குரல் கொடுத்து ஒப்படைத்தார்.

போகும் வழியில் மச்சான் கடையில் ஏறி, பிரிக்காத பாக்கெட்டை மேசையில் வைத்து, "இது சைஸ் சேரல மச்சான். ரெண்டு எல்போ மாத்திக்குடு" என்றார். மச்சானுக்கு வருத்தம்தான். கொடுத்தார்.

மறுநாள் சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் பல் ஆஸ்பத்திரியில் போய் நின்றவர், டாக்டரைப் பார்த்ததும் தான் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். வால்வு, ஓட்டை, தபால்காரர் எல்லாம் வந்தது. டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதைத்தான் அன்னைக்கே சொன்னேன். விட்டதும் கொஞ்ச நாள் ரத்தம் கசியும், பயந்துடாதீங்க, ஈறுக்கு உயிர் வருதுன்னு அர்த்தம், ஆனா வந்து காட்டுங்கன்னு" என்றார்.

"அன்னைக்கு உங்க ட்ரெயினேஜு சத்தம் போட்டுச்சு மேடம். அதுல கேக்கல."

"இன்னும் போட்டுக்கிட்டுதான் இருக்கு."

முதலில் வடிகாலின் வளைவைக் கழற்றிச் சரி செய்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறினார். இந்தத் தடவை டாக்டர் பேசியதெல்லாம் கேட்டது.

ஈறுக்கு அடியில் சுரண்டி எடுக்க மூன்று தடவை ஆனது. நாலில் ஒரு பல் நிற்கவில்லை. அதை டாக்டர் எடுத்து ஒரு பஞ்சில் வைத்துக் கையில் கொடுத்தார். வாஷர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இற்ற குழாயைப் பார்க்கும் அதே பார்வை. மீதி மூன்றையும் உள்பக்கமாக ஒரு மெல்லிய கம்பி வைத்து ஒன்றோடொன்று பிணைத்து ஒட்டினார்கள். கம்பி எத்தனை கனம், எதை வைத்து ஒட்டுகிறீர்கள், காய எவ்வளவு நேரம் என்று கேட்டார். நீல வெளிச்சம் காட்டினால் இருபது வினாடி என்றதும் அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஏழெல்லாம் நாலாகவும் ஐந்தாகவும் இறங்கியிருந்தன. நுண்ணோக்கித் திரையில் ஸ்பிரிங் கூட்டம் ஏறக்குறையக் காலி. உருண்டைச் சாதுக்கள் திரும்பக் குடிவந்து, ஒன்றும் நடக்காதது போல் அசையாமல் கிடந்தன. வாஷர் வீட்டுக்குப் போய், மார்க் குறைந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை பாராட்டு வாங்கியதாக அக்காவிடம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டிப் பிரஷ் ஒன்றை அக்கா கையில் திணித்து, தினமும் காலையில் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். அக்காவுக்கு ரத்தம் கசிவது இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது. "நீங்க புகைச்சப்பவே நான் நிம்மதியா இருந்தேன், நீங்க பாட்டுக்கு வாசல்ல நின்னீங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது வாஷருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதே தெரு, அதே வேலை. சிகரெட்டை விட்டு ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை மச்சானோடு உடைந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு இழுப்பு இழுத்ததை அவரே டாக்டரிடம் சொல்லிவிட்டார். டார்ச்சை வாயில் கடிப்பதில்லை. அக்கா வாங்கிக் கொடுத்த, நெற்றியில் மாட்டும் விளக்குதான். டேப்பைக் கத்தரியால் வெட்டுகிறார். ஒட்டு காய்கிற நேரத்தில் வாடிக்கையாளர் வாசலில் நின்று, சட்டைப் பையில் வாஷர்களோடு கிடக்கும் குட்டிப் பிரஷ்ஷை எடுத்து, கடைவாயில் தொடங்கி ஒவ்வொரு இடுக்காக வருகிறார். எல்லா இடுக்கும் முடிய எட்டு நிமிஷம் ஆகிறது. கீழே முன்னால் மூன்று பல் இருக்கிறது.